விரல் பட்டதும் திரை பேச வேண்டும்

மருந்துக்கடை கல்லாவில் நல்ல கூட்டம். பில் போடும் பெண் ‘பாரா’ என்று தட்டுகிறார். திரையில் ‘பா’ மட்டும் நிற்கிறது. பட்டதா, படவில்லையா? மறுபடி தட்டுகிறார். அடுத்த நொடி எல்லாம் மொத்தமாக வந்து ‘பாராரா’ என்று விழுகிறது. சேமிக்கும் பொத்தானிலும் அதே கதைதான்: பதில் இல்லாததால் இரண்டாவது தட்டு, ஒரே மருந்துக்கு இரண்டு பில்.

“அவசரப்பட்டுத் தட்டுறாங்க” என்றுதான் அந்த மென்பொருளை எழுதியவர் முதலில் நினைத்தார். அரைமணி நேரம் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்த பிறகே குற்றம் தன் நிரலில் இருப்பது புரிந்தது.

உலாவியில் விசையை வாங்குவது, கணக்குப் போடுவது, திரையை வரைவது எல்லாம் பெரும்பாலும் ஒரே முதன்மை இழையின் (main thread) வேலை. அவருடைய நிரல் ஒவ்வோர் எழுத்துக்கும் முழு மருந்துப் பட்டியலையும் துழாவியது. அது முடியும்வரை எழுத்தை வரைய ஆளில்லை. இப்போது எழுத்து முதலில் தெரிகிறது; விரல் சற்று ஓய்ந்த பிறகு, வொர்க்கர் எனும் தனி இழையில் தேடல் நடக்கிறது. பொத்தான் தொட்டதுமே நிறம் மாறிப் பூட்டிக்கொள்கிறது. தேடல் முன்பைவிட வேகமாகிவிடவில்லை. ஆனால் இரட்டை பில் நின்றுவிட்டது.

இது புதிய ஞானம் அல்ல. கணினி எவ்வளவு நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று ஐ.பி.எம்.மின் ராபர்ட் மில்லர் 1968லேயே எழுதினார். பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993இல் அதைப் பரவலாக்கினார்: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் தன் கையே செய்ததுபோல இருக்கும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

தெரிந்தே காக்கவைத்த காலமும் உண்டு. தொடுதிரை போன்களின் உலாவிகள் ஒரு தொடுதலுக்குப் பிறகு சுமார் 300 மில்லிவினாடி சும்மா இருந்தன. பக்கத்தைப் பெரிதாக்க இரண்டாவது தட்டு வருமோ என்ற எதிர்பார்ப்புதான் காரணம். போனுக்கென்றே வடிவமைத்த பக்கங்களில் ஆண்ட்ராய்டு குரோம் 2014இல் அந்தக் காத்திருப்பை நீக்கியது. அதே பக்கம், அதே போன், தொட்டவுடன் திறந்தது.

நிரல் எழுதுபவரின் மடிக்கணினியில் எல்லாமே வேகம்தான். வெளியிடுவதற்கு முன், கடையில் இருக்கும் பழைய கணினியில் ஒருமுறை நீங்களே பத்து பில் போட்டுப் பாருங்கள்.