மண் அரங்கை மெழுகும் கைகள்

"சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்ற முத்திரையை இப்போது எதற்கெடுத்தாலும் குத்திவிடுகிறார்கள். துணிப்பை, மூங்கில் பிரஷ் என்று தொடங்கி, நாடக அரங்கமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் பூமியை ஓரளவு அறிந்தவன் என்பதால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அங்கே இது புதுச் சரக்கு அல்ல.

வங்காளத்தின் பழைய ஜாத்ரா நாடகத்துக்குத் திரையும் கிடையாது, தீட்டிய காட்சிப் படுதாவும் கிடையாது. நடுவில் ஆட்டம், சுற்றிலும் ஜனம், அவ்வளவுதான். தாகூர் நாடக மேடையைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் புகழ்கிறார். பார்ப்பவர் மனத்துக்குக் கற்பனை இருக்கும்போது தீட்டிய மரமும் மலையும் எதற்கு என்பது அவர் கட்சி. சாந்திநிகேதனில் மரத்தடியில் பாடம் நடத்தியவர், நாடகத்தையும் திறந்தவெளிக்குக் கொண்டு வந்தார். பின்னாளில் நகரத் திட்டப் பொறியாளராக இருந்த பாதல் சர்க்கார், மேடை, ஒளி, ஒப்பனை எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தம் 'மூன்றாம் அரங்'கைக் கிராமங்களுக்கு எடுத்துப் போனார்.

சந்தால் மக்களிடமும் தனிச் சொத்து உண்டு. சாதர் பாதர் என்று ஒரு பொம்மலாட்டம். சிறு பெட்டி, அதைச் சுற்றி ஒரு துணி, உள்ளே வரிசையாய் மரப் பொம்மைகள். பாடிக்கொண்டே கயிற்றை இழுத்தால் மொத்த வரிசையும் ஆடும். அவர்கள் மொழிக்கு ஒல் சிக்கி என்ற எழுத்தை 1925-இல் உருவாக்கிய ரகுநாத் முர்மு, அதைப் பரப்பத் தேர்ந்துகொண்ட வழிகளில் ஒன்று நாடகம். 'பிது சந்தன்' என்ற அவர் நாடகத்தில் காதலர் இருவரும் அந்த எழுத்தில்தான் செய்தி பரிமாறிக்கொள்வார்கள். 2003-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. 2011 கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 73 லட்சத்துக்கும் மேல்.

வங்கி வேலையாக நான் துர்காபூரில் இருந்தபோது, லீவு கிடைத்தால் போல்பூர் பக்கம் கிளம்பிவிடுவேன். கோபாய் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில், மண் திண்ணையும் வைக்கோல் கூரையுமாக இருந்த ஒரு கொட்டகையில், பாதி வங்காளியும் பாதி சந்தாலியுமாக ஒரு நாடகம் பார்த்தேன். மைக் இல்லை. தமாக் முரசு முழங்கியபோது தரை அதிர்ந்தது உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்தது. ஒன்றைக் கவனித்தேன். வங்காளி வசனத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். சந்தாலி வசனத்துக்குப் பாதிப் பேர்தான் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த போல்பூர் வாத்தியார், முன்னால் இருந்த பத்து வயதுப் பெண்ணிடம், "என்னம்மா சொன்னான்?" என்று குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்தும், ஒரு பக்கத்தார் மட்டுமே மற்றவர் மொழியைக் கற்றிருக்கிறார்கள். அன்று ராத்திரியாவது அது கொஞ்சம் தலைகீழானது.

மறுநாள் காலை நான்கைந்து பெண்கள் அந்தத் திண்ணையை மெழுகிக்கொண்டிருந்தார்கள். செம்மண், சாணம், பொடியாக நறுக்கிய வைக்கோல். "ஒவ்வொரு வருஷமும் இப்படி மெழுக வேண்டுமா, தீதி?" என்று மூத்தவளிடம் கேட்டேன்.

"மழை ஒவ்வொரு வருஷமும் வருதே, பாபு" என்றாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. சிமெண்டுக் கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பூட்டிப் போகலாம். மண் அரங்கைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. இரண்டு மழைக்காலம் கை படாவிட்டால் சுவர் கரையும், கூரை மட்கும். ஆட்டமும் அப்படித்தான். பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு தலைமுறை ஆடாமல் விட்டால் அது வெறும் பதிவுதான்.

அந்தக் கைகள் ஊரில் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நடவுக்கும் அறுப்புக்கும் சந்தால் குடும்பங்கள் கிழக்கே வர்த்தமான், ஹூக்ளி பக்கம் கூலிக்குப் போவது வெகுகால வழக்கம். 'நாமால் போவது' என்பார்கள். அந்த வாரங்களில் ஊரில் கிழவர்களும் நாய்களும்தான். முரசு ஆணியில் தொங்கும். ஆகவே, மண்ணால் கட்டினோமா மூங்கிலால் கட்டினோமா என்பதைவிட, அதை மெழுகுகிறவளுக்கும் அதில் ஆடுகிறவனுக்கும் உள்ளூரில் கூலி கிடைக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அரங்கைத்தான் நான் பசுமை அரங்கம் என்பேன்.

சாந்திநிகேதன் போகிற நண்பர்கள் சோனாஜுரி சந்தையில் வளையலும் பையும் வாங்கிக்கொண்டு, ஆடுகிற பெண்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள். பக்கத்துக் கிராமத்தில் ஆட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். தட்டு வந்தால் தாராளமாகப் போடுங்கள். அறுவடை முடிந்தபின் போவது நல்லது, ஊரில் ஆட்கள் இருப்பார்கள்.