வெள்ளைக் கோட்டுக்கு ஒரு மடல்

அன்புள்ள கோடே,

உன்னை முதன்முதலில் நான் கோலமாவில்தான் போட்டேன். காலாப்பட்டுப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், சைக்கிள் பந்தயம் முடிகிற இடத்தில், இன்னும் விடியாத நேரம். தினமும் வாசலில் குனிகிற கைக்கு ஒரு நேர்கோடு பெரிய வேலையா என்று நினைத்தேன். இழுத்து முடித்து நிமிர்வதற்குள் கடற்காற்று உன்னில் பாதியை வாரிக்கொண்டு போய்விட்டது. கிளப் பையன்கள் சிரித்தார்கள். யாரோ ஓடிப்போய்ச் சுண்ணாம்பு வாளியும் மட்டையும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நான் யாருமில்லை. பந்தயத்தில் ஓட்டுகிற பையனின் அம்மா, அவ்வளவுதான். "அக்கா, சும்மாதானே நிக்கிறீங்க, சொல்லச் சொல்ல நம்பரை எழுதிக் குடுங்க" என்று ஓர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். எட்டு வருஷமாகிறது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கோடே, உன் அளவு என்ன என்று எனக்குச் சொன்னது நடுவர் பயிற்சி வகுப்பில்தான். 72 சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டை. அதன் நடுவே 4 சென்டிமீட்டர் கறுப்பு. இந்தப் பக்கம் 34, அந்தப் பக்கம் 34. 1900இல் பாரிசில் பிறந்து இப்போது சுவிட்சர்லாந்தில் இருக்கிற யு.சி.ஐ. என்ற உலக சைக்கிள் சங்கத்தின் விதி அது. ஓட்டப் பந்தயத்தில் நெஞ்சு தாண்ட வேண்டும்; உன்னிடம் நெஞ்சுக்கு மதிப்பில்லை. முன்சக்கரத்தின் டயர் உன் கறுப்பின் முன் விளிம்பைத் தொட்டதா, அதுதான் கணக்கு. அதனால்தான் கடைசி நொடியில் கைகளை நீட்டி, உடம்பைப் பின்னுக்கு இழுத்து, சைக்கிளை மட்டும் முன்னால் எறிகிறார்கள். அதற்கு முன் பல பந்தயங்களில் அதைப் பார்த்திருந்தும், ஏதோ ஸ்டைலுக்குச் செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

கோடே, நீ எனக்கொரு பட்டமும் வாங்கிக் கொடுத்தாய். தேர்வு எழுதி, தேறி, அட்டை கையில் வந்த அன்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவின் கடைசி சொல்தா. ஜூலை வந்தால் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு தூர் தெ பிரான்ஸ் பார்ப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பந்தய நடுவரைக் குறிக்கும் 'கொமிசேர்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏம்மா, நாங்க சின்னப் பையனா இருந்தப்ப கொமிசேர்னா போலீஸ். அவரு வந்தா தெருவே அடங்கிப்போவும்" என்றார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு கொமிசேரம்மா என்று பெயர். சம்பளம் கிடையாது, பந்தயம் முடிந்தால் ஒரு பொட்டலம் பொங்கலும் டீயும். மாநிலம், தேசம், சர்வதேசம் என்று இந்த ஏணிக்குப் படிகள் உண்டு. நான் கீழ்ப்படியில் நிற்கிறவள். தெரு அடங்கவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

கோடே, உனக்கு நான் பட்ட கடன்களில் பெரியது என் கண்ணைப் பற்றியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினான்கு மீட்டர். ஒரு சைக்கிள் உன்னைக் கடந்துபோக எட்டில் ஒரு பங்கு நொடி போதும். இருபது பேர் ஒரு கொத்தாக வரும்போது பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் முதலில் வந்தவன் பின்னாலேயே போய்விடும். கையைத் தூக்குகிறான், கத்துகிறான், பார்க்காமல் இருக்க முடியுமா? நடுவர் பார்க்கக் கூடாது. அவன் போகட்டும், பார்வை உன்மேலேயே நிற்க வேண்டும். இரண்டாமவன் வருகிறான், ஏழாமவன் வருகிறான், பன்னிரண்டாமவனும் பதின்மூன்றாமவனும் முழங்கையோடு முழங்கை உரச வருகிறார்கள். ஒருவர் உன்னைப் பார்த்தபடியே எண்களை உரக்கச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் தலை நிமிராமல் எழுத வேண்டும். "27, 8, 14, தெரியல, 31..." 'தெரியல' என்பதையும் எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டு, பிறகு செல்போன் வீடியோவைப் பார்த்து நிரப்புவோம். பெரிய பந்தயங்களில் இதற்கென்றே ஒரு கேமரா உண்டு. அது சாலையைப் பார்க்காது, கூட்டத்தைப் பார்க்காது, உன் கறுப்பை மட்டும் நூல் நூலாகப் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு அந்த நூல்களைச் சேர்த்துப் படமாக்கும். 2017 தூர் தெ பிரான்ஸின் ஏழாவது கட்டத்தில் கிட்டல் என்ற ஜெர்மானியர் வெறும் 6 மில்லிமீட்டரில் வென்றதை அதுதான் சொன்னது. நான் ஆறு மில்லிமீட்டரைப் பார்க்க மாட்டேன். ஆனால் ஜெயித்தவன் பின்னால் ஓடாமல் நிற்க என் கண்ணுக்குத் தெரிகிறது. உறவில் ஒரு கல்யாணத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் பந்தி வாசலில் தயங்கி நின்ற ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து வந்த பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

கோடே, உன் முன்னால் நான் தவறியும் இருக்கிறேன். இரண்டாவது வருஷம், சிறுவர் பிரிவு. ஓர் எண்ணை நான் சொல்லவே இல்லை. நான்காவதாக வந்த பையன் முடிவுத்தாளில் எங்குமே இல்லை. அவன் அப்பா சத்தம் போட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பையன் உன்னைச் சுட்டிக்காட்டி, "நான் இதைத் தாண்டினேன் ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி, திருத்தி எழுதி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதை அதுவரை பார்த்திராதவன் போல விழித்தான்.

கோடே, உன்னிடம் வந்து சேர்வதற்கு முன் நடக்கிற வேலைகளையும் நீதான் எனக்குக் கொடுத்தாய். கிளம்புமுன் ஒவ்வொரு சைக்கிளாகத் தடவிப் பார்ப்போம். பிரேக் பிடிக்கிறதா, ஹெல்மெட் வார் தாடையில் இறுகியிருக்கிறதா. 2003 மார்ச்சில் கிவிலேவ் என்ற கசகஸ்தான் வீரர் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த மே மாதத்திலிருந்துதான் பெரிய பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. பிறகு ஹேண்டில்பாரின் இரு முனைகள். மூடியில்லாத குழாய், விழுந்தால் வயிற்றில் வட்டமாக வெட்டிக்கொண்டு இறங்கும். மூடியில்லாதவனைக் கிளம்ப விடுவதில்லை. ஒருமுறை ஒரு பையன் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு கார்க்கைக் கொண்டுவந்து திணித்தான், அச்சாகப் பொருந்தியது. புதுச்சேரியில் கார்க்குக்கா பஞ்சம்?

கோடே, நம் ஊர் வரைபடம் உனக்கும் தலைவலிதான். முத்தியால்பேட்டை புதுச்சேரி, அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி, கனகசெட்டிக்குளம் கடந்தால் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டு போட்டுப் பிரித்ததை 1954 ஒரே நாடாகச் சேர்த்து வைத்தது. ஆனால் அனுமதிக் கடிதம் மட்டும் இன்றைக்கும் இரண்டு போலீசுக்கும் இரண்டு பிரதியாகப் போக வேண்டும். வளைவுக்கு வளைவு கொடி பிடிக்கிற பிள்ளைகளிடம், "நீ தமிழ்நாட்டுல நில்லு, நீ பாண்டியில நில்லு" என்று பிரித்து அனுப்புவேன். அவர்களுக்கு அது சிரிப்பு.

கோடே, என் மகன் ஓட்டுகிற பிரிவில் நான் உன் பக்கத்தில் நிற்பதில்லை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு. அப்போது கடைசி வளைவுக்குப் போய்க் கொடி பிடித்துக்கொள்வேன். அவன் எத்தனையாவது வந்தான் என்று மற்றவர்களைப் போலவே தாளில் பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஒருமுறை ஒன்பது, ஒருமுறை நான்கு. முதலாவது இதுவரை இல்லை.

கோடே, கடைசியில் வருகிறவருக்காகவும் உனக்கு நன்றி. தூர் தெ பிரான்ஸில் அவரை 'லாந்தேர்ன் ரூஜ்', சிவப்பு லாந்தர் என்பார்களாம். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கு. எதிர்வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். எங்கள் பந்தயத்தில் ஒரு வங்கி ஊழியர் உண்டு, ஐம்பதைத் தாண்டியவர். பரிசு கொடுத்து முடித்து, பந்தல் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் வருவார். பின்னால் மெதுவாக வரும் வண்டிதான் அவருக்குத் துணை. முதல் வருஷம் அவர் வருவதற்கு முன்பே உன்மேல் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது விடுவதில்லை. அவர் டயர் உன்னைத் தொடும்வரை ஸ்டாப்வாட்ச் ஓடும், நான் எண்ணைச் சொல்வேன், எழுதுகிறவர் எழுதுவார். போன முறை, அவர் எண் 46.

அடுத்த பந்தயம் வருகிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. கோடே, உன்னோடு பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிற யாராவது வரட்டும். கையெழுத்து சுமாராக இருந்தால் போதும், சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்குக் காலாப்பட்டில் இருக்க வேண்டும். பேனா நாங்கள் தருகிறோம்.