காணும் என்று சொல்வதற்கு முன்

12 ஒக்டோபர், சனி

வடிவமைப்புக்கு வந்த நூலொன்றின் ஸ்கான் பக்கங்களை இன்று இறக்கினேன். மொத்தம் 6 கிகாபைட். ஒன்பது நிமிடம் பிடித்தது. பத்து மாதமாக இந்தக் கணினி இப்படித்தான். கொடிகாமத்தில் இருந்துகொண்டு இவ்வளவு கிடைப்பதே காணும் என்று இருந்துவிட்டேன்.

பின்னேரம் மருமகள் விறாந்தையில் இருந்தபடி கைபேசியில் வேகத்தை அளந்தாள். வைஃபையில் 260 மெகாபிட். என் கணினியில் வயர் வழியாக 94.

"மாமா, வயரிலதானே கூட வரவேணும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் நாங்கள் காசு கட்டுவது 300 மெகாபிட்டுக்கு.

13 ஒக்டோபர், ஞாயிறு

காலை, மத்தியானம், இரவு என்று மூன்று தரம் அளந்தேன். 94, 93, 94. வெளியில் இருந்து வரும் லைனில் நெரிசல் என்றால் இலக்கம் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நிற்கிற இலக்கம் வேறு கதை சொல்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் தரவுப் பொதிகளின் தலைப்புகளுக்குப் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 94தான்.

விண்டோஸில் ஈதர்நெட் விபரத்தைத் திறந்தேன். இணைப்பு வேகம் 100/100 என்றிருந்தது. 1000 வரை போகக்கூடிய கார்ட், 1000 வரை போகக்கூடிய றவுட்டர். இரண்டும் பேசிக்கொண்டு நூறில் இணங்கியிருக்கின்றன.

வயரைச் செருகியதும் இரு முனைகளும் தங்களால் ஆன வேகத்தை அறிவித்து, பொதுவான வேகம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்த இணக்கத்தைத் தானாக நடக்க விடுவதே நல்லது. ஒரு முனையை 100 முழு இருவழி என்று கட்டாயப்படுத்தினால், தானியங்கியில் நிற்கும் மறுமுனை அரை இருவழிக்கு இறங்கிவிடும். பிறகு பொதிகள் மோதி, வேகம் இன்னும் படுத்துவிடும். என் கணினியில் அது தானியங்கியில்தான் இருந்தது. கைவைக்கவில்லை.

14 ஒக்டோபர், திங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று முடிவெடுத்தேன். பெட்டியையும் திரையையும் விறாந்தைக்குத் தூக்கிப்போய், இரண்டு மீற்றர் வயரால் றவுட்டரில் நேரே கொழுவினேன். 1000/1000! கார்டும் நல்லது, றவுட்டரின் வாயும் நல்லது. மிஞ்சியது கணினி இருக்கும் பின் அறைக்குப் போகும் பதினெட்டு மீற்றர் வயர் மட்டும்.

19 ஒக்டோபர், சனி

கணினி திருத்தும் தம்பி ஒருவர் வயரைச் சோதிக்கும் ரெஸ்ரரோடு வந்தார். இரு முனையிலும் கொழுவினார். விளக்குகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்து வந்தன. ஏழாவது எரியவில்லை.

"அண்ணை, மண்ணிறச் சோடி அறுந்திட்டுது. நூறுக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஆறு காணும். ஆயிரத்துக்கு எட்டும் வேணும்."

வயரில் நான்கு சோடிகள். நூறுக்கு வேண்டாத சோடி ஒன்று செத்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் பத்து மாதம் நான் அறியவில்லை.

தாழ்வாரத்தின் கீழ் மேற்கு வெயில் விழும் இடத்தில் உறை வெடித்துக் கிடந்தது. வீட்டுக்குள் இழுக்கும் வயரை வெளியில் இழுத்தது என் பிழை. தம்பி கம்பியொன்றைப் பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்; மடிபடும் இடத்தில் சுலபமாக முறியும்.

20 ஒக்டோபர், ஞாயிறு

சுத்தச் செம்பா என்று கேட்டு, வெளியில் இழுக்கும் கறுப்பு உறை வயர் வாங்கினோம். பிளக்கை நானே அடித்தேன். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி நீலச் சோடியின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். சோடி சோடியாக அடுக்கினால் ரெஸ்ரரில் எட்டும் எரியும். ஆனால் ஒரு சோடியின் ஓசை மற்றதில் ஏறி வேகம் கெடும். முறுக்கையும் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது.

அளந்தேன்: 288. அதே பக்கங்களை மறுபடி இறக்கினேன். மூன்று நிமிடம் ஆகவில்லை.

மாரி தொடங்குகிறது. இடி முழங்கத் தொடங்கும் முன்பே இந்த வயரை இரு முனையிலும் கழற்றிவிட வேண்டும்.

இரவு, பத்து மாதத்தை நினைத்துப் பார்த்தேன். 1990இல் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். 'இது காணும்' என்ற சொல் அன்று எங்களைக் காப்பாற்றியது. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அன்று, இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது; தெரிந்துகொண்டு 'காணும்' என்றோம். இந்தப் பத்து மாதம் நான் அளக்காமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வீட்டு மாமியின் கணினியிலும் ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகம் அடிக்கடி உறைந்துபோகும். "எங்களுக்கு இது காணும் தம்பி" என்பார். நாளைக்குக் கணினி திருத்தும் தம்பியிடம் ரெஸ்ரரை இரவல் வாங்கிக்கொண்டு போகப் போகிறேன். முதலில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்ப்போம். காணுமா காணாதா என்பதை அதன் பிறகு மாமியே சொல்லட்டும்.