மூணு கல்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் மூன்று வாரமாகத் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. அதற்கு நம் பாலிடெக்னிக்கில் ஆளுக்கா பஞ்சம்? நிலா, மழை, பஸ் ஸ்டாப் தேவதை எல்லாவற்றையும் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார்கள். மீதி இருப்பது செங்கல்தான். ஆகவே செங்கல்லைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே, நிஜமாகத்தான்.

என் அப்பா அடையாறு காந்தி நகரில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். 14 வருஷமாக அதே வீடு, அதே அடுப்படி. எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போடுவார். அதுவும் நான் ஐந்தாவது படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என் டிராஃப்டர், ஒர்க்‌ஷாப் ஷூ, ரெக்கார்டு நோட்டு எல்லாமே அந்த அடுப்படியிலிருந்து வந்தவை.

போன வருஷம் அந்த வீட்டுப் பெரியவரின் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு அடுப்பு அனுப்பினார். கரி போட்டு மீன், கோழி சுடுகிற அடுப்பு. பார்க்க பெரிய பச்சை முட்டை மாதிரி இருக்கும். முழுக்க பீங்கான். தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். மூடி தனி, அதன் உச்சியில் ஒரு காற்றுத் துவாரம், அடியில் ஒன்று. இரண்டையும் திறந்து மூடித்தான் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும். இதன் பூர்வீகம் அமெரிக்கா இல்லை, ஜப்பான். அங்கே அடுப்புக்கு 'கமாடோ' என்று பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் மூடி போட்ட மண் அடுப்பில் மயங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974ல் அட்லாண்டாவில் 'பிக் கிரீன் எக்' என்று ஒரு கம்பெனியே தொடங்கி, பிற்பாடு மண்ணுக்குப் பதில் நல்ல பீங்கானில் செய்ய ஆரம்பித்தார்கள். நம் ஊர் தந்தூரி அடுப்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு விருந்து. அப்பா அதில் வஞ்சிரம் சுட்டார். மேலே கரி, உள்ளே பச்சை. விருந்தாளிகள் நடுவில் பெரியவர், "14 வருஷமா அடுப்புல நிக்கறே, ஒரு மீன் சுடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். பேரன் பிறந்த நாள் டிசம்பரில். அதற்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் பேச்சு. அப்பா இதை எங்களிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படியோ தெரிந்து என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எனக்கு உடனே மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (அதுதான் வினை!) மறுநாள் அப்பாவைக் குடைந்தேன். கம்பிச் சல்லடைக்கும் தணலுக்கும் எவ்வளவு இடைவெளி?

"ஒரு சாண் கூட இல்லடா. அரைச் சாண் இருக்கும்."

"அதான்பா விஷயம். தணல் கிட்ட இருக்கிறதால வெளிப்பக்கம் கருகுது. உள்ள சூடு போய்ச் சேர்றதுக்கு நேரமே இல்ல. சல்லடைய ஒசத்தணும். ஒசத்தினா இன்னொண்ணு. மூடி பக்கத்துல வந்துடும். மூடி வாங்கின சூட்டை மேலருந்து திருப்பிக் கொடுக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பிரியாணிக்கு தம் போடறப்ப மூடி மேல தணல் அள்ளிப் போடுவமே, அந்த மாதிரியா?"

நான் ஐந்து நிமிஷம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்த வீட்டார் வெளியூர் போன ஒரு ஞாயிறு மத்தியானம் சோதனைக்குப் போனேன். மதில் ஓரம் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் கிடந்தது. மூன்றை எடுத்துப் பழைய சல்லடை மேல் வைத்து, அதன் மேல் இன்னொரு கம்பி வலை. மூடினோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே 'டமார்' என்று ஒரு சத்தம்!

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அடுப்பு லட்சத்துக்கு மேல் என்று அந்த வீட்டில் பேசிக்கொள்வார்கள். திறந்தால் ஒரு செங்கல் பிளந்து, சில்லு தணலுக்குள் சிதறிக் கிடந்தது. அடுப்பு விரிந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அப்பாதான் ஆறும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, சாம்பலை அள்ளிவிட்டு, விரல் முட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டினார். மாட வீதியில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதே தட்டு. 'ணங்' என்று கேட்டது. "விரியலடா" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மழையில் நனைந்து கிடந்த செங்கல் அது. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். கையில் கல்லை எடுத்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை ஃபவுண்டரி ஷாப்பில் எங்கள் சாரிடம் போய் நின்றேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "டேய், கல்லெல்லாம் ஒரே கல்லு இல்லடா. ஃபயர் பிரிக் வாங்கு. பழைய ஃபர்னஸ்ல உடைச்ச கல்லை மட்டும் எடுத்துடாதே, உலோகக் கசடு ஊறியிருக்கும், சாப்பாட்டுக்கு ஆகாது. ஜிங்க் பூசின கம்பியும் வேண்டாம், சூட்டுல புகை வரும், விஷம்."

ஃபயர் பிரிக் என்பது தீக்களிமண்ணில் செய்து நல்ல சூட்டில் சுட்ட கல். உள்ளே அலுமினா 30, 40 சதவீதம் இருக்கும். ஆயிரம் டிகிரியெல்லாம் அதற்கு வெயில் காய்கிற மாதிரி. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் மூன்று கல் வாங்கினேன். பணம் அப்பா கொடுத்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்காரர், "வீடு கட்றியா தம்பி?" என்றார்.

வீட்டில் இறக்கியதும் அம்மா பார்த்தாள். "என்னடா இது?" சொன்னேன். மூணு கல், மேலே சல்லடை, நடுவில் தணல். அம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "மூணு கல்லு வெச்சு அடுப்பு கூட்டறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? எங்க ஆயா காட்டுல விறகு பொறுக்கி அப்படித்தானே சோறாக்குச்சு!"

நாலு கல் வைத்தால் ஒன்று ஆடும், மூன்று வைத்தால் ஆடாது என்று எங்களுக்கு வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். ஆயாவுக்கு யார் காட்டினார்களோ!

இந்தக் கல்லில் ஒரு வசதி. நீளம் 9, அகலம் நாலரை, கனம் 3 அங்குலம். ஆக ஒரே கல்லில் மூன்று உயரம். படுக்க வைத்தால் 3 அங்குலம் ஏறும். மீன் அப்போதும் கொஞ்சம் கருகியது. செங்குத்தாக நிறுத்தினால் மூடியே மூடாது. விலாப்புறமாக வைத்த நாலரைதான் சரி. முதலில் சின்னத் தீயில் அரை மணி நேரம் வெறும் கல்லைக் காய வைத்தோம், பட்ட புத்தி! மேல் சல்லடையை நானே ஒர்க்‌ஷாப்பில் 8 மி.மீ. வெறும் இரும்புக் கம்பியில் வெல்டு செய்தேன். எல்லாம் சரி என்று மூடியை இறக்கினால், மூடியில் செருகியிருக்கும் வெப்பமானியின் கம்பி மீன் முதுகில் குத்தி நின்றது. சல்லடை ஏறியதை நான் கணக்குப் போட்டேன், அந்தக் கம்பி கீழே இறங்குவதைப் போடவில்லை. அப்பாதான் மீனை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கல்லும் சூடு குடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 12 கிலோ கல்லை 200 டிகிரி ஏற்ற சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். கரி கிலோவுக்குச் சுமார் 30,000 தரும். ஆக 80 கிராம் கரி கல்லுக்கே போய்விடும். எரிகிற சூடெல்லாம் கல்லுக்கே போகாது என்பதால் கையோடு இன்னும் ஒரு பிடி சேர்த்துப் போட வேண்டும், இருபது நிமிஷம் முன்னாலேயே பற்ற வைக்க வேண்டும். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "ஒரு பிடி, இருபது நிமிசம். அத்த சொல்லு" என்றார்.

பிறந்த நாளுக்கு வெளி ஆள் வரவில்லை. அப்பாதான் சுட்டார். பெரியவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்பார் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது துண்டு கேட்டாராம். அதைச் சொல்லும்போது அப்பா எங்களைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று கல்லும் இப்போது அந்த வீட்டு அடுப்படி மேடைக்குக் கீழே, கோணிப்பையில் சுற்றி, ஈரம் படாமல் இருக்கின்றன. போன மாதம் நான் போயிருந்தபோது ஒன்றை எடுத்து, அதன் முகத்தில் அச்சாகியிருந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "ஐ.எஸ். எட்டு. இந்தக் கல்லுக்கு கவர்மென்ட் தர நம்பர்பா" என்றேன். எட்டு எது என்று கேட்டார். காட்டினேன்.

இப்போது பக்கத்து வீட்டுச் சமையல்காரர் யாராவது கேட்டால், "சும்மா செங்கல் வாங்கிடாதேப்பா, வெடிக்கும். ஐயெஸ் எட்டு இருக்கான்னு பாத்து வாங்கு" என்கிறாராம்.

- மெக்கானிக்கல் மூன்றாமாண்டு மாணவன்