டாங் டெஸ்டர்

அவருக்கு 44 வயது இருக்கும். எனக்கு அப்போது 26. ஆறேகால் மணி வகுப்புக்கு ஏழு மணிக்கு வந்து வாசலில் நின்றார். சட்டைக் கையில் கிரீஸ். லேட்டாக வந்ததைக் கேட்டதோடு நான் விட்டிருக்கலாம். போர்டுக்குக் கூப்பிட்டு, முந்தின வாரம் நடத்திய மோட்டார் சர்க்யூட்டைப் போடச் சொன்னேன். தெரியவில்லை. "நின்னுட்டே கவனிங்க" என்றேன். மீதி நேரம் முழுக்க நின்றார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

கோவையில், டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கான பகுதிநேர பி.ஈ. வகுப்பு அது. பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில் என்று பகலெல்லாம் மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர்களுக்கு, பகல் காலேஜ் பையன்களுக்கு எழுதிய நோட்ஸை வைத்தே நான் மோட்டார் நடத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் தூங்குவார்கள். அசதி என்று நினைத்துக்கொள்வேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

எரிக் மசூர் எழுதியதைப் படித்தது அதற்குப் பிறகுதான். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தியவர். கஷ்டமான கணக்கையெல்லாம் போட்டுவிடும் தன் மாணவர்கள், நியூட்டன் விதி பற்றிய சாதாரணக் கேள்விகளில் தடுமாறுவதைப் பார்த்து, 90களின் தொடக்கத்தில் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார். 1997இல் புத்தகமும் வந்தது. விஷயம் எளிது. ஒரு கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடைக்கு ஓட்டுப் போடுவது, பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லி வாதாடுவது, பிறகு மறுபடி ஓட்டு.

அடுத்த வாரமே முயன்றேன். கை தூக்கச் சொன்னதும் இரண்டாவது பெஞ்சிலிருந்த மில் சூப்பர்வைசர் தூக்கினார். அவரைப் பார்த்துப் பின்னால் ஏழெட்டுக் கைகள். வாதமே நடக்கவில்லை. இடைவேளையில் டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "அவரு எங்க சூப்பர்வைசருங்க சார். அவரு கை தூக்குனதுக்கு அப்புறம் நான் எப்படிங்க மாத்தித் தூக்கறது? காலைல அவருகிட்டதான ஷிஃப்டுக்குப் போகணும்?"

ஹார்வர்டுப் பையன்களுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. பதினெட்டு வயசுக்காரன் தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இருபது வருஷம் மோட்டார் பார்த்தவர் மோட்டார் பற்றியே தப்பாகச் சொன்னால் அந்தச் சிரிப்பு அவரோடு கம்பெனிக்குப் போகும். வாயைத் திறப்பதைவிடத் தூங்குவது மேல். அன்றைக்கு அந்த மனிதரை நான் நிற்கவைத்தது யார் முன்னால் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய கம்பெனியிலிருந்தே மூன்று பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

கையை விட்டுவிட்டுத் துண்டுச்சீட்டுக்கு மாறினேன். பெயர் வேண்டாம். கேள்வி இது: மில்லின் மெயின் பேனலில் கெப்பாசிட்டர் போட்டு பவர் ஃபேக்டரை ஏற்றினால், உள்ளே ஓடும் மோட்டார் இழுக்கிற கரண்ட் குறையுமா?

31 சீட்டு. 19 பேர் குறையும் என்றார்கள். "இப்ப பேசுங்க" என்றதும் சத்தம் காரிடார் வரைக்கும் கேட்டது. குறையாமல் இருந்தால் அப்புறம் எதற்கு 0.90க்குக் கீழே போனால் ஹெச்.டி. இணைப்புக்காரர்களிடம் ஈ.பி. அபராதம் கேட்கிறது என்று ஒரு கட்சி. கடைசி பெஞ்சிலிருந்து அதுவரை பேசியே பார்க்காத ஒருத்தர், "டாங் டெஸ்டர் போட்டுப் பாத்திருக்கனுங்க. பேனலுக்கு வர்ற கேபிள்ல குறையும். மோட்டார் ஒயர்ல அப்படியேதான் காட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 415 வோல்ட்டில் 100 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.8 என்றால் ஈ.பி. பக்கம் சுமார் 174 ஆம்பியர். 75 கேவிஏஆர் கெப்பாசிட்டர் போட்டு 1க்குக் கொண்டுவந்தால் 139. மோட்டாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அதற்கு வேண்டிய காந்தக் கரண்டை இப்போது பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டர் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஓட்டில் 26 பேர் சரியாக எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசரும் மாற்றி எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் போனது. அந்த செமஸ்டரில் கடைசி யூனிட்டை ஓட்டமாக ஓடித்தான் முடித்தேன். துறைத்தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அதில் அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

வராமல் போனவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை, "நைட் ஷிஃப்ட்டுங்க சார், அடுத்த வாரம் வந்தர்றேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இரண்டாவது முறை எடுக்கவில்லை.

இப்போதும் ஏழு மணிக்கு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். நான் பேச்சை நிறுத்துவதில்லை. மேசையில் சீட்டுக்கட்டு இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, பக்கத்துக்காரரிடம் "என்ன கேள்விங்க?" என்பார்கள்.