அம்மிணிக்கு வண்டி வாங்கிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் பீளமேட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பழைய மாணவன் கேட்டான். "சார், கனடாவுல பொண்ணுக்குப் பெரிய வண்டி வாங்கிக் குடுத்தீங்களாமா? என்ன வண்டிங்க?" எதிரில் இருந்த வீட்டம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். மகளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

2022 நவம்பர் 30, காலை ஆறரை மணி. மகளிடமிருந்து போன். அவள் இருக்கும் வான்கூவர் பக்கம் அப்போது 29-ஆம் தேதி மாலை ஐந்து. "அப்பா, ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டேன். பனி கொட்டுது. பாலத்துக்கு முன்னாடி வண்டியெல்லாம் அப்படியே நிக்குது" என்றாள். நாங்கள் இட்லி சாப்பிடும்போது அதே இடம். மதியச் சோற்றுக்கு உட்காரும்போதும் பாலத்தின் மேல்தான் இருந்தாள். அன்று அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் மாட்டினார்கள், சிலருக்கு வீடு போய்ச் சேர விடியற்காலை ஆனது என்று பிறகு செய்தியில் பார்த்தோம். இவள் இரவு பதினோரு மணிக்கு வீடு போய்விட்டாள். அப்படித்தான் எங்களிடம் சொன்னாள்.

சொல்லாமல் விட்டதை இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை சொன்னார். வீட்டுக்குப் போகும் தெரு ஏற்றம். வண்டி பாதி ஏறி, நின்று, பின்னாலேயே வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பி, ஓரத்தில் நின்ற ஒரு காரில் இடித்துத்தான் நின்றதாம். அடி ஒன்றுமில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆபீஸ் செருப்போடு பனியில் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் தூங்கவில்லை.

வான்கூவர் என்றதும் வருஷம் பூரா பனி மூடிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் பெரிய நகரங்களில் குளிர் குறைவான ஊர் அது. ஜனவரியிலேயே சராசரி 4 டிகிரிதான். வருஷத்துக்கு விழும் பனி மொத்தம் 35, 40 சென்டிமீட்டர். மான்ட்ரியலில் 200 சென்டிமீட்டருக்கு மேல் விழுகிறது. ஆனால் கஷ்டம் இந்த மிதமான ஊரில்தான். சில நாள் கூத்துக்கு எதற்குச் செலவு என்று ஜனங்கள் தயாராவதில்லை. மேலும் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால், பகலில் உருகுவது ராத்திரியில் உறைந்து கண்ணாடிபோல் ரோட்டில் படிந்துவிடும். கண்ணுக்கே தெரியாது, தார்தான் தெரியும். மைனஸ் இருபதில் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அதிகம் வழுக்கும், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். பாசி பிடித்த கிணற்றுப் படியில் இறங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பரில், நானும் வீட்டம்மாவும் ஆறு மாதத் திட்டத்தோடு போனோம். போகும்போதே முடிவு செய்துவிட்டேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மகன் வீடு கட்டக் கொஞ்சம் கொடுத்தோம். மகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு எதுவும் செய்யவில்லை. அது மனதில் முள்ளாக இருந்தது. இந்த வண்டி அவளுக்கு நான் செய்யும் சீர். பெரிய வண்டி, ஏழு பேர் உட்காரும் டொயோட்டா ஹைலேண்டர், கிட்டத்தட்ட 2 டன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. பனியில் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது என் கணக்கு.

மகள் வேண்டாம் என்றாள். நிறுத்த இடமில்லை, பெட்ரோல் கட்டாது, எனக்குச் சின்ன வண்டிதான் கைக்கு அடங்கும் என்றாள். நான் விடவில்லை. "ஊட்டி ரோட்டுல முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான்" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அண்ணன் வீடு கட்டும்போது எத்தனை ரூம் வேணும்னு அண்ணங்கிட்டத்தானப்பா கேட்டீங்க? எனக்குன்னா மட்டும் நீங்களே முடிவு பண்ணிட்டு வர்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாள் வீட்டில் சாப்பிட வாங்க, குளிக்கப் போங்க என்பதைத் தவிரப் பேச்சில்லை. பேத்தி மட்டும் இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் ஒரு போன். 1998-இல் என்னிடம் பிளஸ் டூ படித்தவன், சர்ரேயில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். கடைசி பெஞ்சு, இயற்பியலில் 200-க்கு 74 என்றால் கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். "சார், கடைக்கு வந்துட்டுப் போங்க சார், நானே வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்றான்.

போனேன். டயர் நெடி. எனக்கு உடனே சங்ககிரி சித்தப்பா ஞாபகம் வந்தது. இரண்டு லாரி வைத்திருந்தவர். ஒவ்வொரு டயரையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்க விடமாட்டார். பட்டன் தேய்ந்து மொட்டையான டயரைக் கண்டால் டிரைவர் தலையில் குட்டு விழும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

என் பெரிய வண்டித் திட்டத்தை அவனிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து, சிமெண்ட் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் ஒரு பக்கம். பிரேக் பிடித்தபின் உராய்வு செய்யும் வேலை மறுபக்கம்.

"சார், இதுல ரெண்டு பக்கமும் நிறை இருக்குதுங்களே சார்?"

முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு. "ரெண்டு பக்கமும் இருக்குது பாரு, அடிச்சு விடு" என்று வருஷா வருஷம் நான் சொன்ன வரி. நிறையை அடித்துவிட்டால் மிஞ்சுவது வேகமும் உராய்வுக் குணகமும் மட்டும்தான். 2 டன் வண்டியானாலும் டிவிஎஸ் ஃபிஃப்டியானாலும், அதே ரோட்டில் அதே பிடிப்பு இருந்தால் நிற்கும் தூரம் ஒன்றே. பாடமாக நடத்தியவன், மகள் என்று வந்ததும் மறந்துவிட்டேன்.

மீதிக் கணக்கை நான்தான் போட்டேன், அவனிடம் சாக்பீஸ் வாங்கி. 50 கிலோமீட்டர் வேகம். உலர்ந்த தார் ரோட்டில் குணகம் 0.7 என்று வைத்தால் சுமார் 14 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 0.2, ஏறக்குறைய 50 மீட்டர். பனிக்கட்டியில் 0.1, நூறு மீட்டர் கிட்ட. பிரேக் மிதிக்க யோசிக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை.

நாலு சக்கர இழுவை பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு அந்த ஏத்தத்துல ஏற அது உதவியிருக்குமுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏறினவங்க இறங்கணுமில்லைங்க சார்? பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்குது" என்றான். முட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் பெரிய வண்டி கொஞ்சம் பாதுகாப்பு என்பதையும் ஒத்துக்கொண்டான். நேர்மையான பையன். 74 மார்க் போட்டது யார் என்று தெரியவில்லை, வெளியிலிருந்து வந்து திருத்தியவராக இருக்கும்.

பிறகு டயர் பாடம். வெளியே குளிரில் கிடந்த இரண்டு டயர்களை நகத்தால் அழுத்தச் சொன்னான். ஒன்று கல் மாதிரி. இன்னொன்று அமுங்கியது. 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுமாம், பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. இதை நார்வே, பின்லாந்துக்காரர்கள் ரொம்ப காலமாகச் செய்கிறார்கள். பின்லாந்தின் நோக்கியன் கம்பெனி 1934-லேயே லாரிக்குக் குளிர்கால டயர் போட்டுவிட்டது.

கடையில் ஒரு குழப்பம் உண்டு, பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள் கவனியுங்கள். 'ஆல் சீசன்' என்று ஒரு டயர், 'ஆல் வெதர்' என்று ஒரு டயர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டும் ஒன்றுதான். அங்கே அப்படியில்லை. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய டயர். ஆல் வெதரில் அந்தப் படம் இருக்கும், வருஷம் பூரா போட்டு ஓட்டலாம். ஆல் சீசனில் பெரும்பாலும் இருக்காது. அந்த மாகாணத்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். பட்டன் ஆழமும் 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நம் ஊர்ச் சட்டத்துக்கு 1.6 போதும். ஆனால் வான்கூவர் நகரத் தெருக்களில் அந்தக் கட்டாயம் இல்லை. மகள் மாட்டியது நகரத் தெருவில்.

அவளுடைய பழைய வண்டியைப் பார்க்கச் சொன்னேன். ஆல் சீசன் டயர், எட்டு வயது, பட்டன் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. வண்டி 2009 மாடல். வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஏற்பாடு கனடாவில் 2011 செப்டம்பருக்குப் பிறகுதான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இவளுடையதில் அது இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். "கண்ணு, பணம் தர்றது மட்டும் நான். வண்டி எதுன்னு நீயே சொல்லு."

அவள் ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பழைய சுபாரு இம்ப்ரெஸா, 2019 மாடல். சின்ன வண்டி, ஆனாலும் நாலு சக்கர இழுவை அதோடே வருகிறது, தெரு ஏற்றத்துக்கு ஆகும். அதில் புது ஆல் வெதர் டயர் நாலு. ஹைலேண்டருக்கு நான் ஒதுக்கியதில் பாதிக்கும் கீழே. மீதியைப் பேத்தியின் படிப்புச் சேமிப்பில் போட்டாள். அதில் நாம் போடுவதற்கு மேல் நூற்றுக்கு இருபது அரசாங்கமும் போடுகிறது, வருஷத்துக்கு 500 டாலர் வரை. இந்தக் கணக்கும் நோட்டில் இருந்தது. ஒரு வருஷமாக எழுதி வைத்திருக்கிறாள், நான் கேட்கவில்லை.

ஜனவரியில் நானும் என் பங்குக்கு ஒரு வேலை செய்தேன். கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி வைத்தேன். அந்த வாரம் மைனஸ் பத்துக்குக் கீழே போனது. மொத்தமும் கட்டியாகி நின்றுவிட்டது. அங்கே அதற்கென்று உறையாத நீலத் திரவம் விற்கிறார்கள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போனார்.

2024 ஜனவரி 17, நல்ல பனி. மகள் மருந்து வாங்கப் போக வேண்டும் என்றாள். நானும் ஏறிக்கொண்டேன். அதற்கு முன்னமே காலியான ஒரு பார்க்கிங்கில் பழகியிருந்தாள். பிரேக் மிதிக்கும்போது காலுக்கடியில் கடகடவென்று அதிரும், பயந்து காலை எடுக்கக் கூடாது, மிதித்தபடியே திருப்ப வேண்டும். அதே தெரு, இப்போது இறக்கம். குன்னூர் மலைப்பாதையில் நாம் செய்வது போலவே கியரைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் இறக்கினாள். கீழே நிறுத்தக் கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயே நின்றுவிட்டது.

நின்ற பிறகு, குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பெரிய பிக்கப் வந்தது. நாலு சக்கரமும் அசையாமல், வழுக்கிக்கொண்டே, நிறுத்தக் கோட்டைத் தாண்டி எங்கள் முன்னால் கடந்து போய் எதிர் ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது. ஓட்டியவர் இறங்கித் தலையைச் சொறிந்தார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அது எத்தனை டன் இருக்கும்?"

"ரெண்டரை இருக்கும் அம்மிணி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரலில் ஊர் திரும்பினோம். மறுநாள் காலை எங்கள் வேகன் ஆரின் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் கடைசி நாலு எண் 2317. அப்படியென்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. ஏழு வருஷம் ஆகப் போகிறது. இந்த டயரோடுதான் ஒவ்வொரு டிசம்பரிலும் தலைகுந்தா உறைபனி பார்க்க விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன். நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலமே நாலையும் மாற்றிவிட்டேன். பந்தியில் வீட்டம்மா சிரித்தது இதற்கும் சேர்த்துத்தான்.