நன்றிப் பட்டியல்

ஐஜெம் என்னும் அனைத்துலகப் போட்டியிலே பங்குபற்றும் மாணவர் குழுக்களின் அறிக்கைகளைச் சில ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகின்றோம். உயிரியலை முறையாகக் கற்றவரல்லோம் நாம். எனவே ஆய்வின் நுட்பம் முழுவதும் எமக்கு விளங்குவதாகச் சொல்லமாட்டோம். ஆயினும் ஒவ்வோர் அறிக்கையின் இறுதியிலும் வரும் நன்றிப் பட்டியல் நன்றாக விளங்குகின்றது. யார் பணம் கொடுத்தார், யார் இடம் கொடுத்தார், யார் பொருள் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். விஞ்ஞானம் எதனை உண்டு வளர்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அந்தப் பக்கத்தைத்தான் முதலிற் புரட்டவேண்டும்.

உயிரின் மரபுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் புதிதாய் எழுதி, அதனைப் பற்றீரியா போன்ற நுண்ணுயிரினுட் புகுத்தி, அது முன் அறியாத தொழிலைச் செய்விப்பதே தொகுப்பு உயிரியல். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு விடுமுறைக்கால வகுப்பாகத் தோன்றி, மறு ஆண்டில் ஐந்து குழுக்களின் போட்டியாக வளர்ந்தது இம்முயற்சி. பின்னர் அது பல நாடுகளின் நூற்றுக்கணக்கான குழுக்கள் கூடும் பெருவிழாவாயிற்று. 2022 முதல் அவ்விழா பாரிஸ் நகரிலே நடைபெறுகின்றது.

விழாவுக்குச் செல்லும் வழி மலிவானதன்று. அண்மை ஆண்டுகளிற் குழுவொன்றின் பதிவுக் கட்டணமே 5,000 அமெரிக்க டொலருக்குக் குறையவில்லை. எமது நாணயத்தில் அது 15 இலட்சம் ரூபாவளவு. நொதியங்கள், கண்ணாடிக் கலங்கள், விமானச்சீட்டு, தங்குமிடம் ஆகியன வேறு. ஆகவே மாணவர் ஆய்வுகூடத்தினுள் நுழையுமுன் அனுசரணையாளரின் வாசலில் நிற்க நேர்கின்றது. ஒரு குழுவின் முதல் ஆக்கம் அநேகமாக ஒரு விண்ணப்பக் கடிதமே!

கொடுப்பவருள் டி.என்.ஏ. செய்து விற்கும் கொம்பனிகள் முக்கியமானவை. இன்டகிரேற்றட் டி.என்.ஏ. டெக்னோலொஜிஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனி பல ஆண்டுகளாகக் குழுவொன்றுக்கு 20,000 எழுத்து நீளமான டி.என்.ஏ.யை இலவசமாக வழங்கிற்று. மாணவருக்கு இது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் சந்தையிலே மாம்பழக்காரி ஒரு கீற்று நறுக்கி நீட்டுவது தருமத்துக்காகவா? இன்று இலவசமாகப் பெற்ற மாணவன் நாளை ஓர் ஆய்வுகூடத்தின் தலைவனாகும்போது எந்தக் கொம்பனியின் பெயர் அவன் நாவில் முதலில் வரும்? இதனைக் குற்றமென்று நாம் கூறவில்லை. வியாபாரத்தை வியாபாரமென்றே சொல்லிவிட்டு நன்றி கூறலாம் என்பதே எமது கட்சி.

மற்றொரு பெயரைக் கண்டபோது நாம் சற்றுத் திகைத்தோம். அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையாகிய எப்.பி.ஐ.யும் இவ்விழாவுக்கு அனுசரணை வழங்கியிருக்கின்றது. நுண்ணுயிர் தீயோர் கைப்பட்டால் ஆயுதமாகும் என்பது அவர்கள் கூறும் காரணம். காரணம் பொய்யன்று. ஆயினும் பொலிஸார் செலவு செய்யும் பந்தலில் இருபது வயது இளைஞன் எவ்வளவு தாராளமாக வாய் திறப்பான்?

கொடையைப் பற்றி நாம் இவ்வளவு துருவுவதற்குக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு எடின்பரோப் பல்கலைக்கழகக் குழு குடிநீரிலுள்ள ஆசனிக் என்னும் நஞ்சைக் காட்டும் பற்றீரியாவை ஆக்க முயன்றது. நீரில் நஞ்சு இருப்பின் அப்பற்றீரியா பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். அமிலம் கூடியதை நிறங்காட்டி ஒன்றினாற் கண்ணாலேயே காணலாம். விலைமிக்க கருவி வேண்டாம். அவர்கள் மனத்தில் இருந்தது பங்களாதேசம். அங்கே 1970களில், குளத்து நீரால் வரும் வயிற்றோட்டத்திலிருந்து குழந்தைகளைக் காக்கவென, யுனிசெப் முதலியவற்றின் உதவியுடன் குழாய்க்கிணறுகள் இலட்சக்கணக்கில் தோண்டப்பட்டன. உதவியின் நோக்கம் தூயதே. ஆனால் அந்நிலத்தடி நீரில் ஆசனிக் உண்டா என்று அன்று எவரும் சோதிக்கவில்லை. 1993இல் அது அங்கே கண்டறியப்பட்டபோது கோடிக்கணக்கான மக்கள் அந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தனர். உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்; பல கிணறுகளில் அது பன்மடங்காய் இருந்தது. கிணற்றையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

கொடுத்தவர் கேளாத கேள்வியை ஒரு விடுமுறைக் காலத்து மாணவர்கள் கேட்டார்கள். அவர்களின் எண்ணத்தைப் பின்னர் வெல்கம் அறக்கட்டளையின் நிதியுடன் ஆய்வாளர் பலர் முன்னெடுத்தனர். அப்பொழுது எதிர்ப்பட்ட தடை விஞ்ஞானத்தினுடையது மட்டுமன்று. மரபு மாற்றிய உயிரை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு ஐரோப்பியச் சட்டத்தில் நேர்வழி இருக்கவில்லை. மாணவர் போட்டிக்கு இலச்சினை தர முன்வருவோர் பலர். ஆண்டுக்கணக்கான அனுமதி அலைச்சலுக்கும், கிணற்றடி வரை செல்லும் நடைக்கும் பணந்தர முன்வருவோர் சிலரே. அங்கே படம் பிடிக்க மேடை இல்லையன்றோ!

வாசலில் நிற்கவும் வசதி வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். பொஸ்ரனிலோ ஹைடல்பேர்க்கிலோ உள்ள மாணவனுக்கு மருந்துக் கொம்பனி பக்கத்துத் தெருவில் இருக்கும். பொருள் வசதியற்ற நாட்டு மாணவனுக்கு அனுசரணை கேட்கவே அறிமுகக் கடிதம் வேண்டும். கேட்டுப் பெற்ற நொதியமும் சுங்கத்தில் நாட்கணக்கிற் கிடந்து வெப்பத்தில் வீணாகக்கூடும். போட்டியை நடத்துவோர் சில ஆண்டுகள் தெரிவுசெய்த குழுக்களுக்கு 2,500 டொலர் மானியம் வழங்கினர். நல்ல காரியம். எனினும் அது பதிவுக் கட்டணத்தின் பாதியளவே. பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகமும் அரசும் முதற் பங்கை ஏற்றாலன்றி, எந்த நோயை ஆராய்வது, எந்த நீரைச் சோதிப்பது என்பதைக் கொடையாளரின் வாசல்களே தீர்மானிக்கும்.

இப்போட்டியில் எமக்குப் பிடித்த விதியொன்றுண்டு. எவ்வேலையை எவர் செய்தார் என்பதை ஒவ்வொரு குழுவும் எழுதி ஒப்புவிக்க வேண்டும். எழுதாவிடின் பதக்கம் இல்லை. அதனாலேதான் பெரிய கொம்பனிகளின் வண்ண இலச்சினைகளுக்குக் கீழே, சிறிய எழுத்திலே, வளர்ப்பூடகம் காய்ச்சிக் கொடுத்தவரையும், இரவில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டவரையும், தமது ஆக்கங்களைப் பொதுச் சேமிப்பில் வைத்துச் சென்ற முந்திய ஆண்டு மாணவரையும் நாம் காண்கின்றோம்.